கார்ல ஒரு கோடு: 1,300 ரூபாய் வேலைக்கு 10,000 ரூபாய் ஏன் கொடுக்கணும்?

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல ரிவர்ஸ் எடுக்கறீங்க. லேசா ஸ்டியரிங்கை ஒடிக்கறீங்க. "கர்ர்ர்"னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் காதுக்குப் போகாது, நேரா வயித்துக்குத்தான் போகும். இறங்கிப் பார்த்தா பின்கதவுல ஒரு முழ நீளத்துக்குக் கோடு. கார் லோன்ல இன்னும் 41 இ.எம்.ஐ பாக்கி.

என் முதல் கார்ல எனக்கு நடந்தது இது. மறுநாளே சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன். அங்க இருந்தவர் ரொம்ப அன்பா பேசினார். "கவலையே படாதீங்க சார், இன்ஷூரன்ஸ்ல போட்டுடலாம். உங்க கையிலேர்ந்து ரெண்டாயிரம்கூட ஆகாது." எனக்கு அது பெரிய சந்தோஷம். வருஷா வருஷம் பிரீமியம் கட்டறோமே, ஒருதடவையாவது பிரயோஜனப்படட்டுமேன்னு கையெழுத்து போட்டுட்டேன். நாலு நாள்ல கார் பளபளன்னு வந்துடுச்சு.

அடுத்த வருஷம் ரினியூவல் வந்தப்போதான் விஷயம் புரிஞ்சது. அந்தக் கோட்டை நான் இலவசமா சரிபண்ணலை. தவணை முறையில சரிபண்ணியிருக்கேன். அஞ்சு வருஷத் தவணை.

இந்தப் பதிவுல ரெண்டு விஷயம் பார்க்கப் போறோம். ஒண்ணு, அந்தத் தவணைக் கணக்கு. இன்னொண்ணு, எந்தக் கீறலை வீட்டுலயே சரிபண்ணலாம், எதுல கை வைக்கவே கூடாதுங்கறது. நம்ம சேனல் வீடியோவுல என் கதவை நான் தேய்க்கறதைப் பார்த்திருப்பீங்க. அதுல சொல்ல நேரமில்லாம விட்ட கணக்கு எல்லாம் இங்க இருக்கு.

முதல்ல கணக்கு

கார் இன்ஷூரன்ஸ்ல ரெண்டு பாகம் இருக்கு. அடுத்தவங்களுக்கு நம்மால ஆகற சேதத்துக்கு தேர்ட் பார்ட்டி. நம்ம காருக்கு ஆகற சேதத்துக்கு ஓன் டேமேஜ், சுருக்கமா ஓ.டி. ஒரு வருஷம் கிளைம் எதுவும் பண்ணாம இருந்தா அடுத்த வருஷ ஓ.டி பிரீமியத்துல தள்ளுபடி கிடைக்கும். அதுக்குப் பேர்தான் நோ கிளைம் போனஸ், என்.சி.பி. தொடர்ந்து கிளைம் இல்லாம ஓட்டினா முதல் ரினியூவல்ல 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, அஞ்சாவதுல 50. அதுக்கு மேல ஏறாது. தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

ஒரே ஒரு ஓ.டி கிளைம் போட்டா அடுத்த ரினியூவல்ல இது பூஜ்யம். பாதியா குறையறது எல்லாம் கிடையாது. கிளைம் தொகை 4,000 ஆனாலும் சரி, 4 லட்சம் ஆனாலும் சரி, அதே பூஜ்யம்தான். மறுபடியும் 20லேர்ந்து ஏறி வரணும்.

என் பாலிசி எண்களைக் கொஞ்சம் ரவுண்ட் பண்ணிச் சொல்றேன். காருக்கு மூணாவது வருஷம், 25 சதவீத என்.சி.பி ஓடிட்டிருக்கு. தள்ளுபடிக்கு முன்னாடி ஓ.டி பிரீமியம் அடுத்த வருஷத்துக்கு 9,000 ரூபாய்னு வைங்க. காரோட மதிப்பு வருஷா வருஷம் குறையறதால, அதுக்கப்புறம் 8,200, 7,500, 7,000, 6,500ன்னு இறங்குதுன்னு வச்சுப்போம்.

கிளைம் போடலைன்னா அடுத்த வருஷம் 35 சதவீதம். போட்டா 0. 9,000ல 35 சதவீதம் 3,150 ரூபாய் போச்சு. அதுக்கு அடுத்த வருஷம் 45க்குப் பதிலா 20, வித்தியாசம் 25 சதவீதம், 2,050 ரூபாய். அதுக்கும் அடுத்தது 50க்குப் பதிலா 25, அது 1,875. அப்புறம் 50க்கு 35, அது 1,050. கடைசியா 50க்கு 45, அது 325. அதுக்கப்புறம்தான் ரெண்டு கணக்கும் சமமாகும். கூட்டிப் பாருங்க: 8,450. பிரீமியத்துக்கு மேல 18 சதவீத ஜி.எஸ்.டி சேர்த்தா 9,971 ரூபாய்.

சரி, இதைக் கொடுத்து என்ன வாங்கினேன்? ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிச்ச பில் 5,500 ரூபாய். அதுல பாலிசிதாரர் கையிலேர்ந்து கட்டாயம் போடவேண்டிய தொகை 1,000 (1,500 சிசி வரைக்கும் 1,000, அதுக்கு மேல 2,000). அப்புறம் பெயின்ட்டுக்குத் தேய்மானம். மொத்தப் பெயின்ட் பில்லுல 25 சதவீதத்தை மெட்டீரியல்னு எடுத்துக்கிட்டு, அதுல பாதியைக் கழிப்பாங்க. அதாவது பில்லுல எட்டுல ஒரு பங்கு, கிட்டத்தட்ட 688 ரூபாய். மிச்சம் இன்ஷூரன்ஸ் கொடுத்தது 3,812.

3,812 ரூபாய் வாங்கறதுக்கு 9,971 ரூபாய் கொடுத்திருக்கேன். இதை என் கல்யாணத்துக்கு முன்னாடியே செஞ்சதால வீட்டுல யாருக்கும் தெரியாது. இப்போ தெரிஞ்சிருக்கும்.

"நான் ஜீரோ டெப் எடுத்திருக்கேனே"ன்னு சிலர் கேட்பீங்க. அதுல தேய்மானம் கழிக்கமாட்டாங்க, ஆனா அந்த 1,000 அப்படியேதான் இருக்கும். 4,500 கிடைக்கும். அப்பவும் கணக்கு உதைக்குது. என்.சி.பி புரொடெக்ட்னு ஒரு ஆட்-ஆன் எடுத்திருந்தா மட்டும் கதை வேற. அதுல இத்தனை கிளைம் வரைக்கும் போனஸ் போகாதுன்னு ஒரு வரம்பு இருக்கும், உங்க பாலிசியில எத்தனைன்னு பாருங்க. அந்த ஒரு வாய்ப்பையும் கதவுக் கோட்டுக்குச் செலவு பண்ணணுமாங்கறது உங்க முடிவு.

நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். இந்த 9,971ங்கறது அடுத்த அஞ்சு வருஷமும் வேற கிளைம் வராதுங்கற கணக்கு. நடுவுல ஒரு பெரிய விபத்து ஆகி எப்படியும் கிளைம் போட வேண்டி வந்தா, என்.சி.பி அப்போ ரெண்டு வழியிலயும் போயிடும். அதனால இழப்பு இவ்வளவு இருக்காது. ஆனா முதல் வருஷ வித்தியாசத்தையும் அதுக்கான ஜி.எஸ்.டியையும் மட்டும் பார்த்தாலே 3,717 ரூபாய். வாங்கின 3,812க்குக் கிட்டத்தட்ட அங்கயே சரியாப் போச்சு.

நான் இப்போ வச்சிருக்கற அளவுகோல் இதுதான்: கிளைம்ல நிகரமா கையில வர்ற தொகை, ஒரு வருஷ ஓ.டி பிரீமியத்தைவிட நல்லா அதிகமா இருந்தா மட்டும் யோசிப்பேன். பம்பரோட ஹெட்லைட்டும் சேர்ந்து உடைஞ்சா கண்டிப்பா போடுங்க, அதுக்குத்தானே இன்ஷூரன்ஸ் வாங்கறோம். தூண்ல உரசின கோட்டுக்கு வேண்டாம்.

இன்னொரு விஷயம். சில இடத்துல "எப்படியும் கிளைம் போடறோம், இருக்கற நாலு கீறலையும் ஒரே விபத்துன்னு எழுதிடலாம் சார்"னு சொல்வாங்க. அந்தப் படிவத்துல கையெழுத்து உங்களோடது. வேற வேற நாள்ல ஆனதை ஒரே சம்பவம்னு எழுதறது பொய்த் தகவல். சர்வேயர் கண்டுபிடிச்சா கிளைம் நிராகரிப்பு வரைக்கும் போகும், அப்போ படிவம் நிரப்பிக் கொடுத்தவர் பக்கத்துல நிக்கமாட்டார்.

கீறலோட ஆழம்

இப்போ காருக்கு வருவோம். கார் பெயின்ட்டுங்கறது ஒரே பூச்சு இல்ல. கீழே இரும்புத் தகடு, அதுமேல துரு பிடிக்காம இருக்க பிரைமர் அடுக்குகள், அதுமேல கலர், எல்லாத்துக்கும் மேல கண்ணாடி மாதிரி நிறமில்லாத கிளியர் கோட். பெரும்பாலான கார்கள்ல இத்தனையும் சேர்ந்தே 100லேர்ந்து 150 மைக்ரான்தான். நம்ம ஆபீஸ் பிரின்டர்ல போடற ஏ4 தாள் ஒண்ணோட கனம் சுமார் 100 மைக்ரான். அந்தத் தாள் அளவு கனத்துக்குள்ளதான் உங்க காரோட மொத்த அழகும் இருக்கு. அதுல பாதிக்கும் குறைவுதான் கிளியர் கோட்.

கீறல் அந்தக் கிளியர் கோட்டோட நின்னிருந்தா அது வீட்டு வேலை. அதைத் தாண்டிக் கலருக்குப் போயிருந்தா பாதி வீட்டு வேலை. இரும்பு தெரிஞ்சா அவசர வேலை.

எப்படிக் கண்டுபிடிக்கறது? முதல்ல அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவுங்க. பாதிக் கோடு அங்கயே காணாமப் போகும், ஏன்னா அது அழுக்கு. அப்புறம் ஈரத்தோடயே பாருங்க. தண்ணி பட்டதும் கோடு மறைஞ்சு, காய்ஞ்சதும் திரும்ப வந்தா அது கிளியர் கோட்ல மட்டும்தான். அடுத்தது நகம். கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெதுவா இழுங்க. நகம் சிக்காம வழுக்கிட்டுப் போனா நல்ல சேதி. சிக்கினா ஆழம் அதிகம்.

இதுல நம்மளை ஏமாத்தறது கண்ணுதான். கறுப்புக் கார்ல ரெண்டடி நீளத்துக்கு வெள்ளை வெளேர்னு கோடு இருக்கும், பார்த்தாலே அழுகை வரும், ஆனா தேய்ச்சா போயிடும். கதவோட விளிம்புல மிளகு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும், யாருமே கவனிக்கமாட்டாங்க, அடியில இரும்பு தெரியும். நாலு மழை போதும், அது பழுப்பாகி, சுத்தியிருக்கற பெயின்ட்டுக்கு அடியில துரு ஊர ஆரம்பிக்கும். ஈ.சி.ஆர் பக்கம், தூத்துக்குடி, நாகப்பட்டினம்னு கடலோரத்துல இருக்கறவங்களுக்கு உப்புக் காத்துல இன்னும் வேகமா ஆகும். நீங்க பயப்படவேண்டியது அந்த மிளகுக்குத்தான்.

ஒரு விதிவிலக்கு பம்பர். பம்பர் பிளாஸ்டிக். அடி பூச்சு வரைக்கும் கீறினாலும் துரு பிடிக்காது. அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான். அவசரமே இல்ல.

தேய்க்கற வேலை

இந்த ஏப்ரல்ல ரெண்டாவது தடவை அதே பேஸ்மென்ட், அதே தூண். (ஆமா. சிரிங்க.) இந்தத் தடவை கடைக்குப் போய் நான் வாங்கினது: ரப்பிங் காம்பவுண்ட் சின்ன டப்பா 350, மைக்ரோஃபைபர் துணி ஒரு செட் 250, என் கார் கலர்ல டச்-அப் பெயின்ட் 450, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 150, மாஸ்கிங் டேப் 40, வழவழப்பான வாட்டர் பேப்பர் 60. மொத்தம் 1,300. ஒரு சனிக்கிழமைக் காலை, மூணு மணி நேரம்.

தூண்ல உரசினா வர்ற கோட்டுல பெரும்பாலும் பாதி கீறலே கிடையாது. தூண்ல அடிச்சிருக்கற மஞ்சள் பெயின்ட் நம்ம கார்மேல ஒட்டியிருக்கும். அதை எடுக்க வீட்டுல இருக்கற தின்னரைத் தொடாதீங்க. அது மஞ்சளோட சேர்த்து நம்ம பெயின்ட்டையும் கெடுக்கும். காம்பவுண்ட் போதும்.

காரை நிழல்ல நிறுத்துங்க. தொட்டா தகடு சூடா இருக்கக் கூடாது, சூட்டுல காம்பவுண்ட் காய்ஞ்சு பிடிச்சுக்கும். நல்லா கழுவித் துடைச்சுடுங்க, ஒரு மணல் துகள் துணியில மாட்டினாலும் அது புதுசா பத்து கீறல் போடும். துணி கீழே விழுந்தா உதறிட்டுத் திரும்ப எடுக்காதீங்க, வேற துணி எடுங்க. பட்டாணி அளவு காம்பவுண்டைத் துணியில எடுத்து, ஒரு சாண் இடத்துல மிதமா அழுத்தி முப்பது நாப்பது தடவை தேய்ங்க. துடைச்சுப் பாருங்க. மறுபடி தேய்ங்க. கை வலிக்கும், வலிக்கணும். அவசரப்பட்டு பஃபிங் மெஷின் வாடகைக்கு எடுக்காதீங்க, பழக்கமில்லாத கையில அது அரை நிமிஷத்துல விளிம்போட கிளியர் கோட்டைத் தின்னுடும். காம்பவுண்டே கிளியர் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமா அரைச்சுத்தான் கீறலை மறைக்குது. அதனால ஒரே இடத்துல மாசா மாசம் தேய்க்கற விளையாட்டும் கூடாது.

என் கோட்டுல முக்கால்வாசி இதுலயே போயிடுச்சு. நடுவுல விரல் நீளத்துக்கு ஒரு இடம் மட்டும் ஆழம், ஒரு புள்ளியில இரும்பு தெரிஞ்சுது. அதுக்குத்தான் டச்-அப்.

கலர் வாங்கும்போது "சில்வர்"னு கேட்காதீங்க. ஒரே கம்பெனியிலேயே வேற வேற சில்வர் இருக்கும். காரோட கலர் கோடு ஒரு ஸ்டிக்கர்லயோ தகட்டுலயோ இருக்கும். டிரைவர் கதவைத் திறந்தா தெரியற தூண்லயோ, பானெட்டுக்கு உள்ளயோ தேடுங்க. அதை போட்டோ எடுத்துட்டு கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டர்ல காட்டுங்க.

பாட்டிலோட வர்ற பிரஷ் ரொம்பத் தடிமன். நான் பல்குத்தற குச்சியைத்தான் பயன்படுத்தினேன். துரு இருந்தா முதல்ல வாட்டர் பேப்பர் நுனியால அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டுங்க. ஆல்கஹால் போட்டுத் துடைச்சுக் காயவிடுங்க. இரும்பு தெரியற இடத்துல ஒரு பொட்டு பிரைமர் வைக்கணும். என்கிட்ட பழைய வீட்டு வேலையில மிஞ்சின மெட்டல் பிரைமர் இருந்தது, இல்லாதவங்க சின்ன பாட்டிலா வாங்கிக்கோங்க. பாட்டிலை ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்கி, முதல்ல வெள்ளை அட்டையில வச்சுப் பாருங்க. அப்புறம் பள்ளத்துக்குள்ள மட்டும் மெல்லிசா ஒரு பூச்சு. அரை மணி நேரம் விட்டு இன்னொண்ணு. கோலப்பொடி மாதிரி கோட்டுக்குள்ள விழணும், வெளியில வழியக் கூடாது. ஒரே பூச்சுல ரொப்பிடலாம்னு நினைச்சா அது குமிழ் மாதிரி நிக்கும், நான் முதல் தடவை அப்படித்தான் பண்ணி துடைச்சு எடுத்தேன்.

மறுநாள் கிளியர் கோட் ஒரு பூச்சு. அப்புறம் ஒரு வாரம் அந்த இடத்தைத் தேய்ச்சுக் கழுவாதீங்க. மேடு தெரிஞ்சா ஒரு வாரம் கழிச்சு 2,000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணியில ஊறவச்சு, மேட்டை மட்டும் பூ மாதிரி தடவிட்டு காம்பவுண்ட் போடலாம். பயமா இருந்தா விட்டுடுங்க. மேடு தெரியறதுனால துரு வராது.

மெட்டாலிக், பேர்ல் கலர்கள்ல டச்-அப் கச்சிதமா பொருந்தாதுங்கறதை முன்னாடியே மனசுல வச்சுக்கோங்க. வெயில்ல கலர் வெளுத்த காருக்கும் அப்படித்தான். மூணடி தள்ளி நின்னா தெரியாது, உத்துப் பார்த்தா தெரியும்.

பம்பர் உள்ள போயிருந்தா

பிளாஸ்டிக் பம்பர்ல பள்ளம் விழுந்து, ஆனா விரிசலோ மடிப்போ இல்லைன்னா கொதிக்கற தண்ணி வேலை செய்யும். கெட்டில்ல கொதிக்கவச்சுப் பள்ளத்துமேல மெதுவா ஊத்துங்க, தடிமனான ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு உள்பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா தள்ளுங்க, வந்ததும் பச்சைத்தண்ணி ஊத்துங்க. பார்க்கிங் சென்சார், ரேடார் இருக்கற பகுதியா இருந்தா கை வைக்கவேண்டாம், சென்சார் முகத்துல பெயின்ட்டும் பூசவேண்டாம்.

இரும்புத் தகட்டுல விழுந்த பள்ளத்துக்கு ஆன்லைன்ல விக்கற உறிஞ்சு கப் பத்துக்கு ஒண்ணுகூட சரியா வராதுன்னுதான் சொல்வேன். பெயின்ட் உடையாத பள்ளம்னா, பெயின்ட் அடிக்காம உள்பக்கத்துலேர்ந்து நெம்பி எடுக்கற டென்ட் மெக்கானிக் இருப்பார், அவர்கிட்ட போங்க. ஒரிஜினல் பெயின்ட் அப்படியே இருக்கும். காரை விக்கும்போது இது முக்கியம். பழைய கார் வாங்கறவங்க பெயின்ட் கனம் அளக்கற கருவியை வச்சுத் தட்டிப் பார்க்கறாங்க. ஒரு கதவுல மட்டும் கனம் கூடுதலா காட்டினா "அடிபட்ட வண்டியா?"ன்னு அங்கேர்ந்தே பேரம் தொடங்கும். சின்னக் கோடோட இருக்கற ஒரிஜினல் கதவு பல நேரம் புதுப் பெயின்ட்டைவிட உங்க பக்கம் பேசும்.

கம்பெனி லீஸ் கார் வச்சிருக்கறவங்க எதையும் தொடறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தைப் படிங்க. திருப்பிக் கொடுக்கும்போது சேதத்தை எப்படிக் கணக்கு பண்ணுவாங்கன்னு அதுல இருக்கும். செராமிக் கோட்டிங் போட்டிருந்தா காம்பவுண்ட் அந்த இடத்துல கோட்டிங்கை எடுத்துடும். மேட் ஃபினிஷ் காரைத் தேய்க்கவே கூடாது, தேய்ச்ச இடம் மட்டும் வழுக்கைத்தலை மாதிரி மின்னும். பெயின்ட் கொப்பளிச்சு எழும்பியிருந்தா அடியில துரு பரவியாச்சு, அது பட்டறை வேலை.

எங்க அப்பா 19 வருஷம் ஒரே காரை ஓட்டினார். அதுல எத்தனை கோடு இருந்ததுன்னு எண்ண முடியாது. "ஓடுதுல்ல?"ம்பார். கிளியர் கோட்ல மட்டும் இருக்கற கோட்டுக்கு அவர் வழியும் ஒரு நல்ல வழிதான், செலவு பூஜ்யம்.

என் கார்ல இப்போ அந்த விரல் நீள இடம் குனிஞ்சு பார்த்தா தெரியும். இந்த வருஷம் ரினியூவல்ல என்.சி.பி 45 சதவீதம் வந்திருக்கு. தூணுக்கு அசோசியேஷன்ல அனுமதி வாங்கி, இடுப்பு உயரத்துக்கு ரப்பர் கார்டு ஒண்ணு திருகி வச்சிருக்கேன். பக்கத்து ஃபிளாட்காரரும் பாதிக் காசு கொடுத்தார். அவர் கார்லயும் அதே மஞ்சள் கோடு.